திருப்பி இழுத்த கயிறு

கள்ளக்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோணிப்பையில் கட்டிய இன்ஜினை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய், அரங்கநாதன் பட்டறை வாசலில் தொப்பென்று இறக்கினேன்.

"யோவ், வெளிய வாய்யா! என் வூட்டுக்காரு கைய ஒடைச்சிட்டு நீ டீ குடிச்சிக்கினு கீறியா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும், அதற்குத்தானே கத்தினேன்.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கரும்பு. ஓடைத் தண்ணீரை இறைக்க இந்தப் பெட்ரோல் இன்ஜின் ஒன்றுதான் இருக்கிறது. ஆயில் ஒழுகுகிறது என்று போன மாதம் அரங்கநாதன்தான் பிரித்து மாட்டிக் கொடுத்தான். முந்தாநாள் என் வீட்டுக்காரர் கண்ணாயிரம் ஸ்டார்ட் பண்ணக் கயிற்றை இழுத்தார். இன்ஜின் அதை வெடுக்கென்று திருப்பி இழுத்துவிட்டது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டுகிற கை அது. கட்டுப் போட்டுவந்த நேரம் முதல் அரங்கநாதனின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. வலி என்று நினைத்துக்கொண்டேன்.

அரங்கநாதன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். அவனுக்கும் மூக்கு நுனியில்தான் கோபம்.

"என் மேல தப்பு இருந்தா இந்தக் கடைய இழுத்து மூடிடறேன்மா. நீ இங்கயே நில்லு. உன் கண்ணு முன்னாடியே பிரிக்கிறேன்."

"பிரி. நானும் பாக்கறேன்."

முதலில் பிளக் ஒயரைப் பிடுங்கி எட்ட ஒதுக்கினான். "இது மாட்டியிருக்க சொல்ல கைய வெச்சா வெரலு போயிடும்" என்றான். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளைக்குள் கொஞ்சம் நூல்கயிற்றைத் திணித்தான். பிஸ்டன் மேலே வந்து கயிற்றில் மோதி நின்றது. இனி உள்ளே இருக்கிற கிராங்க் தண்டு சுற்றாது. அதற்குப் பிறகுதான் அந்தத் தண்டின் முனையில் மாட்டியிருந்த கனத்த சக்கரத்தின் நட்டில் ஸ்பானரை வைத்தான்.

எனக்குப் பொறுமை இல்லை. "ஒரு ஸ்குரூ டிரைவர முட்டுக் குடுத்து, சுத்தியால ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சிது. இன்னாத்துக்கு இவ்ளோ பவுசு?"

அவன் நிமிர்ந்து முறைத்தான். "அப்பிடித்தான் யாரோ தட்டிக்கிறாங்க. இத பாரு."

கிராங்க் தண்டின் முனை நசுங்கியிருந்தது. நட்டு முனகிக்கொண்டேதான் வெளியே வந்தது.

"நீதான் தட்டியிருப்ப" என்றேன்.

அவன் சக்கரத்தை இழுத்துக் கழற்றுகிற புல்லரை மாட்டி, போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான். டக்கென்று சக்கரம் விட்டுக்கொண்டது. உள்ளே பார்த்தான். குறடால் எதையோ எடுத்து என் உள்ளங்கையில் போட்டான்.

"இங்க ஒரு கீ இருக்கணும். நகம் அளவு இரும்புத் துண்டு. சக்கரத்தையும் தண்டையும் ஒரே நேருல பிடிச்சி வெக்கிறது அதுதான். அதுக்கு பதிலா இன்னா கீது பாரு. நாலு நாளு தாங்கியிருக்கும். அப்புறம் சக்கரம் நழுவி, நெருப்பு நேரத்துக்கு முன்னாடியே பத்திக்கிச்சி. கைய ஒடைக்காம இன்னா பண்ணும்?"

கையில் இருந்தது ஆணி. தலையை வெட்டிய, சதுரமான ஆணி. எங்கள் மாட்டுக்கு லாடம் அடிக்கிற ஆணி. மாட்டுக் கொட்டகையில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது.

 போன வாரம் பம்ப் கல்லை விழுங்கிக் கிறீச்சென்று நின்றது. வரப்பில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்த கண்ணாயிரம், "கீ ஒடைஞ்சிடுச்சி. கள்ளக்குறிச்சி போய் வாங்கியாறேன்" என்றார். கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. நான் சாமி வந்தவள் போல ஆடினேன். "நீ போய் வர்றதுக்குள்ள கரும்பு வெறகாயிடும்! இதுல ஒண்ண வெச்சி முடுக்குய்யா!" என்று லாட ஆணி டப்பாவை அவர் மடியில் வீசிவிட்டுப் போனேன். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் கேட்டது. அதோடு மறந்தும் போனேன்.

"யாரும்மா வெச்சது?" என்றான் அரங்கநாதன்.

டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"நான்தான். டப்பாவ தூக்கிப் போட்டது நான்தான். போதுமா?"

ஒத்துக்கொள்வதற்கும் எனக்குக் கத்தத்தான் வந்தது.

அவன் எதுவும் குத்திக் காட்டவில்லை, அதுதான் இன்னும் எரிந்தது. நசுங்கிய முனையை ராவிச் சரிசெய்தான். தண்டைச் சொட்டு எண்ணெய் இல்லாமல் துடைத்தான். புதுக் கீயை உட்கார வைத்தான், சக்கரத்தை ஏற்றி நட்டை முடுக்கினான். துளையில் திணித்த நூல்கயிற்றை வெளியே எடுத்துவிட்டு பிளக்கை மாட்டி, கடைசியாக ஒயரைச் செருகினான்.

"இழு" என்றான்.

என் கை போகவில்லை. கண்ணாயிரம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உருண்டது கண்ணுக்குள் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் பிடித்தது. கயிறு சாதுவாக உள்ளே போனது.

அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டேன்.

"யோவ், அந்த மனுஷன நான் அவ்ளோ திட்டினேன். எல்லாத்தையும் கேட்டுக்கினு படுத்திருந்தியே. ஆணிதான்னு ஏன்யா சொல்லல?"

அந்தப் பக்கம் அவர் எழுந்து உட்காருவது கேட்டது.

"சொன்னா நீ கத்துவியே, நாயகி" என்றார்.

கத்த வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.