நிஷாவுக்கு வர வேண்டிய ஜெர்மன் கனவு

அடையாற்று ஓரத்துக் குடியிருப்பில் போன மாதம் முழுக்க எல்லோருக்கும் ஒரே கவலை: நிஷாவுக்கு ஜெர்மன் மொழியில் கனவு வந்ததா, இல்லையா? நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகவென்று பாஷை படித்துப் பரீட்சையும் தேறிவிட்டாள். ஆனால் வகுப்பில் வாத்தியார், "அந்த பாஷைல கனவு வந்தாதான் அங்க தாக்குப் பிடிப்பீங்க" என்று சொல்லித் தொலைத்தார். நிஷா அதை அம்மா அன்புச்செல்வியிடம் சொன்னாள். அன்புச்செல்வியிடம் சொல்வதும் குழாயடியில் மைக் கட்டுவதும் ஒன்றுதான்.

"இன்னாடி, நேத்தாவது வந்துச்சா?" பக்கத்து வீட்டு ஜானகி கேட்டாள். தலையில் இருந்த குடத்தைக்கூட இறக்கவில்லை.

"தமிழ்லயே வரலக்கா. எங்க தூங்க வுடறீங்க?"

உண்மையில் நிஷா போவதா என்றே முடிவு செய்யவில்லை. அம்மாவுக்கு அவளை விட்டால் இஸ்திரி வண்டிதான் துணை. ஜெர்மன் ஆஸ்பத்திரிக்கு வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் பதில் போட்டாக வேண்டும். கனவு வந்தால் போவது, வராவிட்டால் இருந்துவிடுவது என்று பொறுப்பைத் தூக்கத்தின் தலையில் கட்டியிருந்தாள். படித்த பெண்!

வியாழக்கிழமை நைட் டூட்டி முடிந்து வந்து, வெள்ளிக்கிழமை மதியம் படுத்தாள். வந்துவிட்டது.

அடையாறு டெப்போ மேல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ்கள் வெள்ளை மாடுகளாய்ப் படுத்துக் கிடந்தன. ஒரு ஹார்ன் சத்தம் இல்லை. கனவு என்பதற்கு அதுவே போதும். ஆறு உறைந்து, அதன் நடுவே அம்மாவின் வண்டி நின்றது. இஸ்திரிப் பெட்டியின் கங்கு பனிக்குள் மெல்ல மெல்லச் சிவந்தது. அம்மா ஜெர்மனில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லும் நிஷாவுக்குப் புரிந்தது.

"அம்மா!" என்றாள்.

அம்மா திரும்பி, வெகு மரியாதையாக, "நீங்கள் யார்?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

விழித்தபோது மணி நாலே முக்கால். தலைமாட்டில் அன்புச்செல்வி.

"தூக்கத்துல இன்னாமோ பேசுன. வந்துச்சா?"

"வந்துச்சு. நீதான் பேசுன."

"நானா! நல்லா பேசுனனா?"

"என்னவிட நல்லா."

"இன்னா பேசுனேன்?"

நிஷா தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். "சாப்ட்டியான்னு கேட்ட."

"பின்ன, வேற இன்னாத்த கேப்பேன்!"

அன்புச்செல்வி குழாயடிக்கு ஓடினாள். "ஏ ஜானகி! எம் பொண்ணு கனவுல நான் ஜெர்மன் பேசிக்கினு கீறேன்டி!"

ஆஸ்பத்திரிக்கான பதிலில் 'வரவில்லை' என்று பாதி அடித்திருந்தாள் நிஷா. வெளியே அம்மா அதே கதையை இரண்டாம் முறை, இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் இத்தனை சந்தோஷத்தை அவள் கேட்டதே இல்லை. அடித்ததை அழித்தாள். நாலு ஐம்பத்தெட்டுக்கு, 'வருகிறேன்' என்று அனுப்பினாள்.