பேகம் பிடித்த எலிகள்

“அத்தா, போடாதீங்க!”

கத்திவிட்டேன். எலியைத் தூக்கிய அத்தாவின் கை அந்தரத்திலேயே நின்றது. கீழே எங்கள் பூனை பேகம் அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தாள். பக்கத்தில் அமீருதீன் மாமா, அம்மாவின் தம்பி, கையில் ஒரு காலிச் சாக்கோடு என்னை முறைத்தார். அந்தச் சாக்கு பேகத்துக்காகக் கொண்டுவந்தது.

இப்போது வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

தாம்பரம் மார்க்கெட்டில் எங்கள் அரிசி மண்டி. கடைக்குப் பின்னாலேயே வீடு. எலி பிடிக்கிறவரைக்கும்தான் பூனை என்பது மண்டிக்காரர்களின் சட்டம். வயசாகிவிட்டால் சாக்கில் கட்டி, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவிழ்த்துவிட்டு வந்துவிடுவார்கள். பேகத்துக்கு முன்னால் இருந்த பூனை அப்படித்தான் போனதாம். ஆனால் பேகம் வேறு மாதிரி. பிடித்த எலியை நேராக அத்தாவின் செருப்புப் பக்கம் கொண்டுவந்து போடுவாள். அத்தா அதை வாலைப் பிடித்துத் தூக்கி, கடையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டு அவளுக்கே போடுவார். “எம் மண்டியில ஓட்டை விழுந்த மூட்டை ஒண்ணு காட்டு பாப்போம்” என்று சவால்விடுவார். அப்போது அவர் மீசைகூடச் சிரிக்கும்.

என் வயசுதான் பேகத்துக்கும். நான் எஸ்.எஸ்.எல்.சி. வந்துவிட்டேன், அவள் கிழவியாகிவிட்டாள். போன மழைக்காலத்தில் கொட்டாவி விட்டபோது பார்த்தேன், வாயில் ஒரே ஒரு பல். முதுகெலும்பு கையில் தட்டியது. தொட்டித் தண்ணீரை ஓயாமல் குடித்தாள். மீன் வைத்தால் மோந்துவிட்டுப் போய்விடுவாள். ஒருநாள் அடுப்போரம் இருந்த மீனை வைத்தேன், தட்டையே நக்கித் தீர்த்தாள். அப்போதுதான் புரிந்தது: மூக்கு மந்தமாகியிருக்கிறது, ஆறிப்போனால் வாசனை தெரியவில்லை. அதிலிருந்து முள்ளெடுத்து, உப்பில்லாமல் வேகவைத்து மசித்து, வெதுவெதுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை கொடுக்கிறேன். இப்போது ரோமம் பளபளக்கிறது. என் கைப் பக்குவம் அது. யாரிடமும் பீற்றிக்கொள்ளத்தான் முடியவில்லை.

ஆனால் அவளால் இனிப் பிடிக்க முடியாத எலிக்கு என்ன செய்வது? பக்கத்து டிபன் கடை சவுரிமுத்து அண்ணனின் பொறியில் விழுவதை, பூனைக்கு என்று கேட்டு வாங்கி, கடை திறக்கும் முன்னால் அத்தாவின் செருப்பருகே வைத்துவிடுவேன். அத்தா போடுகிற எலியை மூட்டைக்குப் பின்னால் கவ்விக்கொண்டு போய்ச் சும்மா நக்கிக்கொண்டிருப்பாள். நான் எடுத்து வீசிவிடுவேன்.

இன்று காலையும் வைத்தேன். பேகத்துக்கு வயசாகிவிட்டது, சந்தையில் விட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த மாமா இன்று சாக்கோடு வருகிறார் என்று தெரியும். கொல்லைக் குழாயடியில் கை கழுவும்போது சவுரிமுத்து அண்ணன் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

“யம்மா சாஜிதா, காலைலே குடுத்தேனே எலி, அது பொறில மாட்னது இல்லமா! கடைப் பையன் எங்கைல சொல்லாம மருந்து வெச்சிகிறான். அத்த துன்னுட்டு செத்துகீது. பூனை நக்குனாக்கூட பூடும்மா!”

ஓடினேன். அத்தாவின் கை உயர்ந்திருந்தது.

வாயைத் திறந்தால் குட்டு உடையும். பேகம் சாக்குக்குள் போவாள். திறக்காவிட்டால் அவள் செத்துப்போவாள்.

“மருந்து தின்ன எலி அத்தா” என்றேன்.

மாமா சிரித்தார். “ஒனக்கு எப்டிம்மா தெரியும்? எலி ஒங்கிட்ட சொல்லிட்டு செத்துச்சா?”

அத்தா என்னைப் பார்த்தார். பேகத்தைப் பார்த்தார்.

“நான்தான் சொன்னேன் மச்சான். சவுரிமுத்து கடையில மருந்து வெச்சிருக்காங்க. அங்க தின்னுட்டு இங்க ஓடி வந்திருக்கு, நம்ம பேகம் அமுக்கிட்டா. இந்த வயசுலயும் பாரு!” நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். “அந்தச் சாக்க மடிச்சு அங்க வை. அரிசிக்கு ஆவும்.”

அத்தா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. சவுரிமுத்து அண்ணன் பெயரை நான் சொல்லவும் இல்லை.

கொல்லையில் குழி தோண்டினார். கிட்டே நின்றபோதுதான் பார்த்தேன், அவர் கையில் இரண்டு வால்கள். இரண்டு எலிகள்.

“ரெண்டு புடிச்சிருக்கா பாத்தியா?” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் வைத்தது ஒன்றுதான். இன்னொன்றின் கழுத்து ஈரமாக இருந்தது, வாயில் கவ்வினமாதிரி. ஆனால் கடை வாசல் தெளித்துவிட்டு வந்த அத்தாவின் கையும் ஈரமாகத்தான் இருந்தது.

பேகம் இப்போது என் கால்மாட்டில், வயிறு நிறைய மீனோடு, ராணி மாதிரி தூங்குகிறாள். அந்த இன்னொரு எலி எங்கிருந்து வந்தது?