கதவோட பல்லு

மூளையில் கட்டியிருந்த ரத்தத்தை எடுத்த பிறகு அவளுக்குக் கை கால் எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்தன. சொற்கள்தான் மக்கர் பண்ணின. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்த்தவள். ஆளின் நிறத்துக்கு ஏற்ற வெள்ளையைத் தேர்ந்தெடுத்து, கடைவாய்ப் பல்லின் மேடுபள்ளம் வரை செதுக்கிக் கொடுப்பவள். அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் நாளன்று, அறையிலிருந்த பூட்டிய அலமாரியைக் காட்டி, "அதக் குடுங்க... கதவோட பல்லு" என்று கணவரிடம் கை நீட்டினாள்.

சாவி என்ற சொல் அகப்படவில்லை. அறையில் அவர்கள் இருவர் மட்டும்தான். அவர் கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பது ஆறுதலாக இருந்ததால் அவளும் கூடவே சிரித்தாள்.

வைத்தியம் பார்த்த டாக்டர் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். "தினம் படிங்க. கனமான புஸ்தகம் வேணாம். சின்னச் சின்ன வாக்கியமா, அடுத்த பக்கத்துக்கு உங்கள இழுத்துட்டுப் போற மாதிரி எதாவது. கொலை, துப்பறியறது, அந்த மாதிரி. விட்டுப்போன சொல்லெல்லாம் தானா வந்து ஒட்டிக்கும்."

கணவர் இலக்கிய விமர்சகர். கல்லூரியில் பாடம் நடத்தினார். பத்திரிகையில் அவர் எழுதும் பத்தியில் பெயர் வந்துவிடக்கூடாதே என்று எழுத்தாளர்கள் பயந்தார்கள். வீட்டுக் கூடத்தின் மூன்று சுவரையும் புத்தக அடுக்குகள் மறைத்திருந்தன. அவற்றில் ஒரு கொலைக் கதைகூடக் கிடையாது.

"அந்தக் குப்பையெல்லாம் இந்த வீட்டுக்குள்ள வரணுமா? நான் தர்றதப் படி" என்று தடிமனான நாவல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முதல் வாக்கியமே அரைப் பக்கத்துக்கு ஓடியது. வினைச்சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் எழுவாய் யாரென்று மறந்துபோயிற்று. மறுபடி ஆரம்பித்தாள். மத்தியானம் முழுக்க அதிலேயே கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வந்த நண்பர்களிடம், "எங்க வீட்டம்மா முதல் வாக்கியத்துலயே குடித்தனம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க" என்றார் விமர்சகர். அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் தெருக்கோடியில் இருந்த கிளை நூலகத்துக்குப் போனாள். விறுவிறுப்பு என்ற சொல் வரவில்லை. "ஓடற கதை" என்று கேட்டாள். நூலகர் சிரிக்கவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"கதைல ஆளுங்க நிறைய இருக்கலாமா?"

"வேணாம். கொஞ்சம் பேரு."

"ரத்தம் கித்தம்?"

"பரவால்ல."

"முன்னாடி நடந்தது, பின்னாடி நடந்ததுன்னு மாத்தி மாத்திப் போறது?"

"ஐயோ, வேணாங்க."

நூலகர் கொடுத்தது மெலிந்த புத்தகம். பழுதாகி நின்ற லிஃப்டுக்குள் ஒருவன் செத்துக் கிடந்தான். மாலைக்குள் முக்கால்வாசி முடித்துவிட்டாள். கடித்துப் பார்க்கும்போது பல் பிசகாமல் உட்கார்ந்தால் வரும் நிம்மதி அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு வாக்கியமும் அப்படி உட்கார்ந்தது.

அடுத்த புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனவள் திரும்பி வந்து பிரித்தபோது, முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: கொன்றது மைத்துனன். விமர்சகரின் அழகான கையெழுத்து.

"உனக்குச் சிரமம் மிச்சம்" என்றார் அவர், செய்தித்தாளை விலக்காமல்.

நூலகத்துப் புத்தகம் என்பதால் ரப்பர் வைத்து அழித்தாள். மனத்திலிருந்து அழிக்க முடியவில்லை. அதற்கடுத்த புத்தகத்திலும் எழுதினார், அதற்கடுத்ததிலும். புத்தகத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள், அங்கேயும் தேடிப் பிடித்து எழுதினார். ஒரு சொல்லுக்காக அவள் தடுமாறும் அதே வாயால், வேண்டாம் என்று கெஞ்சினாள். "வேண்டாம்ங்கற சொல் மட்டும் நல்லா வருதே" என்றார்.

அதன் பிறகு அவள் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. நூலகத்திலேயே, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தாள்.

இருந்த கதைகளெல்லாம் தீர்ந்துவந்த சமயத்தில் நூலகர் புதிதாக ஒன்றை நீட்டினார். "இவரு யாருன்னே யாருக்கும் தெரியாது. புனைபெயர்தான், போட்டோ கூடக் கிடையாது. ஆனா எடுத்தா கீழ வைக்க மாட்டீங்க."

கதையில் ஒரு மனைவி வந்தாள். தலையில் அடிபட்டுப் புத்தி மந்தமானவள். படித்த, பொறுமைசாலியான கணவன், அவளுடைய மாத்திரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வைத்து அவளைக் கொல்கிறான். மாட்டிக்கொள்வானா என்பதுதான் கதை. மனைவி வரும் இடமெல்லாம் வேடிக்கை. அவளுக்கு இடது காதுக்கு மேல் ஜிப் தைத்தது மாதிரி ஒரு தழும்பு. மூன்றாம் அத்தியாயத்தில் வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டு வந்து, "கதவோட பல்லு எங்க?" என்று கேட்கிறாள். கணவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்கிறான்.

அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி, இன்னொரு கையால் அவள் தன் தழும்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு, கீழே வைக்க முடியாததால், தொடர்ந்து படித்தாள். கதை நன்றாக எழுதப்பட்டிருந்தது. கடைசி அத்தியாயத்தில் மனைவி செத்துப்போக, கணவன் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெகுகாலத்துக்குப் பின் நிம்மதியாக ஒரு புத்தகம் படிக்க உட்கார்ந்தான்.

"எப்படி?" என்று கேட்டார் நூலகர்.

"நல்லாருக்கு" என்றாள். "அவ செத்ததும் எனக்கே அப்பாடான்னு இருந்துச்சு."

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொன்றையும் டாக்டர் எழுதிய சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. அவருக்கு அந்த அளவுக்குத் துணிச்சல் கிடையாது. அவரால் அவளைக் காகிதத்தில்தான் கொல்ல முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கவிஞரும், அவர் மனைவியான வக்கீலம்மாவும் வந்திருந்தார்கள். எல்லோரும் காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அவள் புத்தகத்தைக் கொண்டுவந்து கணவரின் மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் படிச்சுக் காட்டுறீங்களா? எனக்கு வாய் குழறுது."

அட்டையைப் பார்த்ததும் விமர்சகர் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்தார். "இதெல்லாம் எதுக்கு இப்போ?"

"அண்ணி ஆசையா கேக்கறாங்க, படிங்க சார். நமக்கும் பொழுது போகும்" என்றார் கவிஞர்.

விமர்சகர் படித்தார். முதல் பக்கம் முடிவதற்குள் கவிஞர் காலை நீட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "எழுதினவருக்கு ஆஸ்துமாவா சார்? நாலு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்கறாரே."

"குப்பைதான்" என்றார் விமர்சகர்.

"எதனால குப்பை?" என்று கேட்டாள் அவள். "எனக்கு விவரமாச் சொல்லுங்க. நான் தெரிஞ்சுக்கணும்."

அவர் சொல்ல வேண்டியதாயிற்று. பாத்திரங்களுக்கு உயிரில்லை, மொழியில் ஆழமில்லை, எழுதியவனுக்கு மனிதர்களைத் தெரியவில்லை என்று சொன்னார். கவிஞர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, தன் பங்குக்கும் இரண்டு சேர்த்தார். "கையாலாகாத ஆள் எழுதினது சார், பொண்டாட்டிகிட்ட பேசப் பயந்தவன்" என்றார். விமர்சகரின் நெற்றியில் வியர்த்திருந்தது. அவள் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"மூணாவது அத்தியாயத்துக்குப் போங்க. அது நல்லா வேடிக்கையா இருக்கும்."

அவர் படித்தார். கதவோட பல்லு வந்தபோது கவிஞர் தொடையில் தட்டிச் சிரித்தார். வக்கீலம்மா சிரிக்கவில்லை. அவர் கண் அவளுடைய இடது காதுக்கு மேலே, தழும்பில் முடி வளராத இடத்தில் நின்றது.

"நீங்க எங்க வேலை பாத்தீங்க, அண்ணி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பல்லு செய்யற இடத்துல."

கவிஞரின் சிரிப்பு நின்றுபோயிற்று.

"சார், இத எழுதினது யாரு?" என்றார் வக்கீலம்மா.

"எனக்கெப்படித் தெரியும்?"

"ஆஸ்பத்திரில எனக்குச் சாவின்னு சொல்ல வரல" என்றாள் அவள். ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல் சொன்னாள். "கதவோட பல்லுன்னு சொன்னேன். அப்ப இவரு மட்டும்தான் கூட இருந்தாரு."

கவிஞர் செருப்பை மாட்டும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. விமர்சகரின் பத்தி பத்திரிகையிலிருந்து காணாமல் போயிற்று. வகுப்பில் யாரோ கரும்பலகையில் அந்த இரண்டு சொல்லையும் எழுதி வைத்தார்கள். அவர் கல்லூரிக்கு நீண்ட விடுப்பு சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வரவில்லை.

"திருப்தியா உனக்கு?" என்று கேட்டார்.

"மீதியப் படிங்க" என்றாள்.

தினமும் மாலையில் படிக்க வைத்தாள். மாட்டேன் என்று முதல்நாள் எழுந்து போனார். "அப்ப கவிஞரக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்றேன்" என்றதும் திரும்பி வந்து உட்கார்ந்தார். மனைவி சாகும் இடம் வந்ததும் புத்தகத்தை மூடப் பார்த்தார். "நிறுத்தாதீங்க, இந்த இடம்தான் நல்லா எழுதிருக்கீங்க" என்றாள். விட்டுப்போன சொற்கள், கேட்கக் கேட்க அவளிடம் திரும்பி வந்துகொண்டிருந்தன.

வக்கீலம்மா ஒருநாள் தனியாக வந்து, பிரிந்துபோவதானால் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் யோசிக்கவே இல்லை.

"இப்ப வேணாங்க. இன்னும் நிறைய புஸ்தகம் இருக்கு."

அந்தப் புனைபெயரில் வந்த மற்றதையெல்லாம் நூலகர் தேடி எடுத்து வைத்திருந்தார். அவள் ஒவ்வொன்றையும் முதலில் தானே படித்தாள். ஒன்றில் அவளுடைய அம்மா வந்தாள். இன்னொன்றில் அவள் தம்பி வந்தான். குடித்துவிட்டு ஏரியில் விழுந்து செத்த தம்பி. அவனுடைய திக்குவாயைக்கூட அவர் விடவில்லை. நிஜத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அவன் தலையைப் பிடித்து அழுதவர் இதே விமர்சகர்தான்.

படித்து முடித்த அன்றைக்கே அவள் அந்தப் புத்தகத்தை அவரிடம் நீட்டினாள். அவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "இது மட்டும் வேணாம்மா" என்றார். அவர் அப்படிக் கெஞ்சி அவள் கேட்டதில்லை.

"கண்ணாடிய மாட்டிக்குங்க" என்றாள்.

மாட்டிக்கொண்டு பிரித்தார். முதல் வாக்கியம் சின்னதாக, யாருக்கும் புரிகிற மாதிரி இருந்தது. அதைப் படித்து முடிக்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது.