பொட்டு வைத்த பாரசீகத்துப் பெண்

மரகதத்துக்கு அந்தப் படத்தைக் கண்டாலே ஆகவில்லை. இத்தனைக்கும் படத்தில் குறை ஒன்றும் இல்லை. ஓடைக்கரையில் ஒரு மரம், மரத்தடியில் தலைப்பாகை கட்டிய கிழவர், அவருக்குக் கூஜாவிலிருந்து மது ஊற்றுகிற அழகான பெண், கீழே கொக்கி கொக்கியாய் இரண்டு வரி எழுத்து. பாரசீகத்துப் பழைய பாட்டு ஒன்றுக்கு எந்தக் காலத்திலோ வரைந்த படமாம். அதைக் காகிதத்தில் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். தண்ணீரில் ஊறப்போட்டால் படம் மட்டும் வழுக்கிக்கொண்டு வரும். அதை வெள்ளைக் கோப்பையில் சுருக்கமில்லாமல் ஒட்டிச் சூளைக்கு அனுப்ப வேண்டும். பிறகு கோப்பைகள் கப்பலேறிப் போய், யாருடைய கண்ணாடி அலமாரியிலோ அழகுக்கு உட்காரும். ஒரகடத்துப் பக்கம் இருந்த அந்தப் பீங்கான் கம்பெனிக்கு எண்பத்து மூன்றில் கிடைத்த பெரிய ஆர்டர் அதுதான்.

அவளுக்கு ஆகாதது அந்தப் பெண்ணின் நெற்றி. பொட்டில்லாத பாழ் நெற்றி. பொழுதுக்கும் அதையே ஒட்டி ஒட்டி வரிசையாக அடுக்க வேண்டியிருந்தது.

வேறு சமயமாக இருந்தால் அவள் அதைக் கவனித்தே இருக்க மாட்டாள். வீட்டில் புருஷன் எல்லப்பன் மூச்சுக்கு அல்லாடிக்கொண்டு கிடந்தான். அதே கம்பெனியில் கல்லுமாவு அரைக்கிற கொட்டகையில் பல வருஷம் நின்றவன். மார்பு முழுக்க அந்த வெள்ளைத் தூசுதான். தாம்பரத்து ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"பாட்டுல இன்னா சார் சொல்றான்?" என்று ஒருநாள் சூப்பர்வைசர் ரகுபதியைக் கேட்டாள்.

"உயிர் இருக்கும்போதே குடிச்சுச் சிரிச்சுக்கோன்னு சொல்றானாம். ஆர்டர் குடுத்த பார்ட்டி சொன்னாரு."

"எங்க வூட்ல மூச்சு வுடவே நேரம் போறல சார்," என்றாள் மரகதம். ரகுபதி அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டார். இதற்கெல்லாம் பதில் வைத்துக்கொண்டா சூப்பர்வைசர் ஆகிறார்கள்?

அன்றைக்கு அவள் கை சும்மா இருக்கவில்லை. விளிம்புக் கோட்டைத் திருத்துவதற்கு வைத்திருந்த சிவப்புச் சாயத்தை ஈர்க்குச்சியில் தொட்டு, ஒரு பெண்ணின் நெற்றியில் கடுகளவு பொட்டு வைத்தாள். முகம் தெளிந்தது. அடுத்ததற்கும் வைத்தாள். வீட்டுக்குப் போனால், எல்லப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். பாவி மனசுக்கு அது போதாதா? அதற்குப் பிறகு ஒரு பெண்ணையும் அவள் வெறும் நெற்றியோடு அனுப்பவில்லை.

சூளைக்குப் போகும் முன் பழுப்பேறித் தெரிந்த பொட்டு, வெந்து வந்ததும் பளிச்சென்று சிவந்து நின்றது. கோப்பைகளைத் தரம் பிரிக்கிற மேஜையில் ரகுபதி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"யாரு வேலை இது?"

"நான்தான் சார். தாலி அறுத்தவ மாதிரி இருந்துச்சு. மனசு கேக்கல."

"அவங்க ஊர்ல பொட்டே கிடையாதும்மா. சூளையில ஏறினது இனிமே சுரண்டினாலும் வராது. லாட்டே ரிஜக்ட்."

"என்னை வெளிய வேணா அனுப்பிடுங்க சார். மிச்சம் கீற பொண்ணுங்களுக்கு மட்டும் வெச்சிட்டுப் போயிடறேன். அவரு இப்பத்தான் எழுந்து குந்துறாரு."

ரகுபதிக்கு ஒன்றும் புரியவில்லை. சாயக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார். மரகதத்தின் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்து, வெறும் நெற்றிகளை ஒட்டத் தொடங்கினாள். அந்த வாரமே எல்லப்பன் போய்விட்டான். தூசு கொன்றது என்று ஊரே சொல்லியும் மரகதம் நம்பவில்லை. தான் பாதியில் விட்டதுதான் கொன்றது என்று நினைத்தாள். அந்த நினைப்பை அவளிடமிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை.

பத்தாம் நாள் விடியற்காலை ஏரிக்கரையில் உட்காரவைத்து, எல்லப்பனின் அக்காள் கிளியம்மாள் ஈரத்துணியால் மரகதத்தின் நெற்றியைத் துடைத்தாள்.

வீடு திரும்பியபோது வாசல் நிறைய சனம். தம்ளர் போதவில்லை என்று கம்பெனிப் பெண்கள் தங்கள் வீடுகளிலிருந்து கோப்பைகள் கொண்டுவந்திருந்தார்கள். உடைத்துப் போடச் சொன்ன கோப்பைகளை ஆளுக்கு நாலாக மடியில் கட்டிப் போனவர்கள்தான். வந்தவர்கள் கையிலெல்லாம் பாரசீகத்துப் பெண், பொட்டும் பூரிப்புமாகக் கிழவருக்கு மது ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மரகதம் காலியான கோப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்து அந்த நெற்றியைத் தேய்த்தாள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது.

அவளோடு வேலை பார்த்த லீலா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "வுடுக்கா. அது போவாது."

"தெரியும்டி. நான் வெச்சதாச்சே." மரகதம் கையை உதறிக்கொண்டு மறுபடி தேய்த்தாள். "என்னுது ஒரே இழுப்புல போயிடுச்சுடி லீலா."