ஐனர் வீட்டு முற்றத்தில் ரிவர்ஸ் விளக்கு

பனி தள்ளும் வேலையில் பாதி, பின்னால் வருவதுதான். முன்னால் ஒரு தள்ளு, பின்னால் ஒரு வாங்கு, மறுபடி ஒரு தள்ளு. முன்னால் போவதற்கு வண்டியில் எல்லா வசதியும் உண்டு. பெரிய விளக்குகள் உண்டு, துடைப்பான் உண்டு, முன்பக்கம் பனியைத் தள்ளும் பிளேடின் அகலம் தெரிய இரண்டு ஓரத்திலும் ஆரஞ்சுக் குச்சிகள்கூட உண்டு. பின்னால் வர இருப்பதோ, கம்பெனி கொடுத்த இரண்டு சின்ன ரிவர்ஸ் விளக்குகள். ஜனவரியில் அவற்றின்மேல் உப்பும் சேறும் பனியும் சேர்ந்து ஓடு போல உறைந்துவிடும். அப்புறம் அவை எரிகின்றனவா இல்லையா என்று இறங்கிப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

மார்லிஸ் கங்காஸ் இதைக் கற்றுக்கொண்டது அந்தக் குளிர்காலத்தில்தான். அதுவரை அது அவள் கணவன் வென்டலின் வேலை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, கூரைப் பனியை இறக்க ஏறியவன், பனியோடு சேர்ந்து தானும் இறங்கினான். வலது தோள் முறிந்தது. ஆனால் பனி அதற்காக நிற்குமா? பெரிய ஏரியைக் கடந்து வரும் காற்றில் அது தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. விடியுமுன் பாதை திறந்தாக வேண்டிய வீடுகளும் அப்படியே காத்திருந்தன. ஆகவே மார்லிஸ் பிக்கப்பை எடுத்தாள். கையைத் தூளியில் கட்டிக்கொண்டு வென்டல் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டான். வீட்டில் உட்கார அவனால் முடியாது. வண்டியில் வாயை மூடிக்கொண்டு உட்காரவும் முடியாது.

ஒவ்வொரு முறை ரிவர்ஸ் போடும்போதும் மார்லிஸ், "ஆண்டவரே, பின்னால யாரும் நிக்கக் கூடாது" என்று முணுமுணுப்பாள்.

"அவரு பாத்துக்குவாரு. நீ கண்ணாடியப் பாரு" என்பான் வென்டல்.

அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இருந்தும் ஒரு திங்கட்கிழமை ஐனர் ஹெய்க்கிலா வீட்டுச் சாய்தளத்தின் தூணில் வண்டியின் பின்புறம் மோதியது. மரம் விரிசல் விட்ட சத்தம் வண்டிக்குள்ளேயே கேட்டது.

ஐனர் சக்கர நாற்காலியில் இருப்பவர். வாசலிலிருந்து முற்றத்துக்கு இறங்க அந்தச் சாய்தளம்தான் அவருக்கு வழி. வாரத்தில் மூன்று நாள் விடிகாலையில் வேன் வந்து, பாலத்துக்கு அக்கரையில் ரத்தம் சுத்திகரிக்கும் இடத்துக்கு அவரைக் கூட்டிப்போகும். முற்றத்தில் பனி கிடந்தால் வேன் உள்ளே வராது. சாய்தளம் ஆடினால் நாற்காலியை அதில் இறக்க மாட்டார்கள். அது அவர்களுடைய சட்டம். போன வருஷம் புயலில் ஒரு முறை தவறிப்போய், கால் வீங்கி, மூச்சு வாங்கி, அவரை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள்.

மார்லிஸ் அப்போதே இறங்கிப் போய்க் கதவைத் தட்டிச் சொன்னாள். ஐனர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"தூண்தானேம்மா? விடு. இன்னும் நின்னுக்கிட்டுதானே இருக்கு. இந்த வீட்டுல நிக்கத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

அவர் சிரித்தார். மார்லிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மத்தியானமே தூணின் இருபுறமும் பலகை வைத்து அறைந்து கொடுத்துவிட்டு வந்தாள். இரவு வென்டலிடம் சொன்னாள்.

"இன்னொரு இடி அது தாங்காது. அப்புறம் வேன்காரன் திரும்பிப் போயிடுவான். நான் ஓட்டல. வேற யாரையாவது பாரு."

"யாரைப் பாக்கறது? பனி தள்ள ஆளாளுக்கு அவங்கவங்க வீடு இருக்கு. நீ போகலேன்னா அந்த முற்றத்துக்கு யாரும் போக மாட்டாங்க."

"எனக்குப் பின்னால ஒண்ணும் தெரியல, வென்டல்."

"அப்போ தெரிய வைப்போம்" என்றான் அவன்.

மூன்றாம் நாள் அவன் வரவழைத்த பெட்டி வந்தது. உள்ளங்கை அளவில் இரண்டு எல்.இ.டி. விளக்குகள். பார்க்கச் சின்னவை. கராஜில் எண்ணெய் அடுப்பை ஏற்றி, தரையில் அட்டையை விரித்து, மார்லிஸ் வண்டிக்கடியில் புகுந்தாள். வென்டல் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து இடது கையால் டார்ச் பிடித்தான்.

"சிவப்பு ஒயரு சைலன்சர் பக்கம் போகக் கூடாது."

"போகல."

"போகுது. இங்கேருந்து தெரியுது."

"அங்கேருந்து உனக்கு என் பூட்ஸுதான் தெரியும். டார்ச்ச ஒயர் மேல அடி, என் மூஞ்சில அடிக்காத."

பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒயரை இழுத்து, வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துப் பட்டை போட்டுக் கட்டி, பின்னால் கொண்டுவந்தாள். கியரை ரிவர்ஸில் போட்டால் தானாக எரிய வேண்டும். வேண்டாமென்றால் அணைக்கவும், கியர் போடாமலே எரியவிடவும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச். இணைப்புகளில் உப்பு ஏறாமலிருக்க உள்ளே கிரீஸை அப்பினாள். பம்பருக்குக் கீழே இரண்டு விளக்கையும் போல்ட் போட்டு மாட்டினாள்.

"நேரா வை. தூரம் தெரியணும்" என்றான் வென்டல்.

நேராகவே வைத்தாள். கராஜ் கதவைத் திறந்துவிட்டு அவள் ரிவர்ஸ் போட்டதும், பின்னாலிருந்த பிர்ச் மரங்கள் வேர் முதல் நுனி வரை வெள்ளையாக எழுந்து நின்றன. வென்டல் சின்னப் பையன் போல விசில் அடித்தான்.

அடுத்த முறை ஐனர் வீட்டு முற்றத்தில் அவளுக்கு எல்லாமே தெரிந்தது. அந்த முற்றம் குறுகல். சாய்தளத்துக்கு முன்னால் விழுந்திருக்கும் பனியை எதிர்ப்பக்கம் விறகுக் கொட்டகையோரம் தள்ளிக் குவிக்க வேண்டும். தள்ளிவிட்டுப் பின்னால் வரும்போது சாய்தளம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இப்போது தூணும் பலகையும், தான் அறைந்த ஆணிகளும்கூடத் தெரிந்தன. நன்றி சொல்லிக்கொண்டே வேலையை முடித்தாள்.

சாய்தளத்துக்கு நேர் பின்னால், வேலி இல்லாமல், தைனா சாரியின் வீடு. அவள் படுக்கையறை ஜன்னல் இந்தப் பக்கம்தான். தைனா முதியோர் இல்லத்தில் பின்மாலை ஷிஃப்ட் பார்க்கிறவள். வீடு வந்து, குளித்து, படுக்க இரண்டு மணி ஆகிவிடும். அடுத்த வாரம் அந்த ஜன்னலில் திரைக்குமேல் ஒரு கம்பளி தொங்கியது. அதற்கடுத்த முறை இரண்டு.

தைனா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊர் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காபிக்கு நின்றபோது, ஏலக்காய் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "உங்க புது லைட்டு நல்லா தூரம் அடிக்குது போல" என்று மட்டும் சொன்னாள்.

வென்டலுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "ஆமா தைனா! ஒரு மைல் அடிக்கும்!"

மார்லிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். தைனாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தாள். கேட்டால் தைனா, "சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்பாள். அத்தோடு இரண்டு பேருக்கும் சங்கடம்தான் மிஞ்சும். அதனால் அவளும் எங்கள் ஆட்கள் செய்வதையே செய்தாள். ஒன்றும் சொல்லாமல், ஐனர் முற்றத்துக்குள் நுழையும்போது சுவிட்சை அணைத்துவிட ஆரம்பித்தாள். விளக்கு அவசியம் வேண்டியிருந்த ஒரே முற்றத்தில் விளக்கு இல்லை. பனி குறைவாக இருந்த நாட்களில் எப்படியோ சமாளித்தாள்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஏரிப் பனி ராத்திரி முழுக்கக் கொட்டி, விடிகாலையிலும் நிற்கவில்லை. ஐனர் வீட்டுக்கு அவர்கள் வந்து சேர்ந்ததே தாமதம். முற்றத்தில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. ஐனர் தொப்பியும் கோட்டும் மாட்டி ஜன்னலோரம் தயாராக உட்கார்ந்திருந்தார்.

மார்லிஸ் சுவிட்சை அணைத்தாள்.

"என்ன பண்ற?" என்றான் வென்டல்.

"தைனா தூங்கறா."

"அவ தூங்கட்டும், வேன் திரும்பிப் போகட்டும், அப்படியா? போடு லைட்ட!"

"அவளும் உடம்புக்கு முடியாதவங்களத்தான் ராவெல்லாம் தூக்கிப் படுக்க வைக்கறா. கத்தாம இரு. நான் பாத்து வரேன்."

முதல் தள்ளு நன்றாகப் போனது. பின்னால் வரும்போது ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். இருட்டு. முகத்தில் பனி அறைந்தது. ஓரடி வந்து நிறுத்தினாள். இன்னும் அரையடி வந்தாள், மறுபடி நிறுத்தினாள். தூண் எங்கே? தான் இறங்கி வழி காட்டுவதாகச் சொல்லி வென்டல் இடது கையால் கதவைத் திறந்தான்.

"நீ இறங்கி வழுக்கி விழு. இன்னொரு தோளும் போகட்டும். உக்காரு!"

இப்படியே போனால் வேன் வருவதற்குள் பாதி முற்றம்கூட ஆகாது. அது அவளுக்குத் தெரிந்தது. வேகமாகப் பின்னால் வந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. ஸ்டீயரிங்மேல் கையை வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, எனக்குத் தெரியல" என்றாள்.

அப்போது கதவை யாரோ தட்டினார்கள். தைனா. ராத்திரி உடுப்புக்குமேல் பெரிய கோட்டும், அவள் புருஷனின் பூட்ஸும், தலையெல்லாம் பனியும்.

"லைட்டு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நான்தான் அணைச்சு வச்சிருக்கேன். நீ தூங்குவியேன்னு."

தைனா தன் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்காகவா?"

"பின்ன?"

"நல்லா இருக்கு போ! நான் கம்பளிய மாட்டிக்கிட்டு வாய மூடிட்டு இருக்கேன், நீங்க லைட்ட அணைச்சுட்டு வாய மூடிட்டு இருக்கீங்க, நடுவுல அந்த மனுஷன் கெடந்து சாகணுமா? மொதல்ல போடுங்க!"

"அப்படிச் சொல்லு!" என்றான் வென்டல்.

"நீ பேசாத. ஒரு மைல் அடிக்குதாம்!" என்றாள் தைனா.

மார்லிஸ் சுவிட்சைப் போட்டாள். பின்னால் முழுக்க வெள்ளைச் சுவர் எழுந்தது. விழுகிற ஒவ்வொரு பனித்துகளும் வெளிச்சத்தை வாங்கி அவள் கண்ணிலேயே திருப்பி அடித்தது. தூணும் தெரியவில்லை, தைனாவின் வீடும் தெரியவில்லை. இருட்டாவது பரவாயில்லை போல இருந்தது.

"ஒண்ணும் தெரியல, தைனா!"

தைனா வண்டிக்குப் பின்னால் போனாள். கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இது எங்க பாக்குது? என் ரூம் கூரையப் பாத்துட்டு இருக்கு. உங்களுக்கு என்ன தெரியணும், என் கூரையா?"

"தூணோட அடி தெரியணும்!"

"அது தரையிலல்ல இருக்கு!"

ஒரு கையால் வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு, பூட்ஸ் குதிகாலை விளக்கின் மேல்விளிம்பில் வைத்து ஓங்கி அழுத்தினாள். போல்ட் கிறீச்சிட்டது.

"ஐயோ, காலால மிதிக்கறாளே! அது புதுசு!" வென்டல் அலறினான்.

"நானும் புதுசாத்தான் இருந்தேன், தூக்கம் போறதுக்கு முன்னால" என்று சொல்லிக்கொண்டே தைனா இன்னொன்றையும் மிதித்தாள்.

வெளிச்சம் இறங்கியது. வெள்ளைச் சுவர் பாதியாகக் கரைந்தது. இப்போது வெளிச்சம் பனித்துகள்களுக்கு அடியில், தரையோடு தரையாகப் படர்ந்தது. சாய்தளத்தின் கீழ் விளிம்பு தெரிந்தது. அப்புறம் தூணின் அடி. பெரிய தூரம் ஒன்றும் தெரியவில்லை. வேண்டிய தூரம் தெரிந்தது. தைனா வண்டியின் பின்தட்டில் கிடந்த, பனி அள்ளும் வாரியை எடுத்துக்கொண்டு தூணோரம் நின்று, "வா, வா, வா... நில்லு!" என்று கை காட்டினாள். மார்லிஸ் வந்தாள், நின்றாள், தள்ளினாள். ஓரங்களில் பிளேடுக்கு எட்டாததைத் தைனாவே வாரிப் போட்டாள். வென்டல் சீட்டிலிருந்தபடி ஒரு யோசனையும் சொல்லவில்லை. அது பெரிய விஷயம்.

அவள் கடைசியாக வாரிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வேன் தெருவிலிருந்து திரும்பி உள்ளே வந்தது. டிரைவர் சாய்தளத்தைக் காலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார். ஐனர் இறங்கி வந்தார். தைனாவின் கோலத்தைப் பார்த்துத் தொப்பியை எடுத்தார்.

"விருந்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கே, தைனா."

"உங்களாலதான். போய்ட்டு வாங்க. இன்னிக்குச் சூப் நான் கொண்டாரேன், சமைக்காதீங்க."

"லைட்டுக்காரம்மா, நீயும் வா சாப்பிட" என்றார் ஐனர், மார்லிஸைப் பார்த்து. வேன் கதவு மூடியது. அது பாலத்துப் பக்கம் போகும் வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தைனா வீட்டுக்குத் திரும்பினாள். மார்லிஸ் விளக்கு எரியும்படி சுவிட்சை வைத்துவிட்டு இறங்கிக் கூப்பிட்டாள். இப்படிக் கூப்பிட்டுக் கேட்பது அவளுக்குப் பழக்கமில்லாததால் குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது.

"தைனா! ஒரு நிமிஷம். இப்பவும் உன் கண்ணுல படுதான்னு படுத்துப் பாத்துச் சொல்லு."

"அதெல்லாம் ஒண்ணுமி..." என்று தொடங்கிய தைனா பாதியில் நிறுத்தினாள். "சரி. இருங்க."

உள்ளே போனாள். கம்பளிகள் ஒவ்வொன்றாக இறங்கின. சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. படுத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. அப்புறம் ஜன்னல் ஒரு சாண் திறந்தது. ஒரு கை வெளியே வந்து, இடது பக்கத்தைக் காட்டி, கீழே, இன்னும் கீழே என்றது.

மார்லிஸ் இடது விளக்கின்மேல் குதிகாலை வைத்து அழுத்தினாள். கை இன்னும் கொஞ்சம் என்றது. அழுத்தினாள். கை நின்று, ஒரு முறை அசைந்துவிட்டு உள்ளே போனது. ஜன்னல் மூடியது.

"ஸ்பேனர் இருக்கா?" என்று மார்லிஸ் கேட்டாள். வென்டல் இடது கையால் எடுத்துக் கொடுத்தான். இரண்டு போல்டையும் அந்தச் சாய்விலேயே இறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். இன்னும் நான்கு வீடு பாக்கி இருந்தது.