உதைக்காத தூண்

அன்றும் தூண்களை உதைத்துப் பார்க்காமலேயே லெஸ்டர் விமானத்தில் ஏறப் போனான். படத்துக்காகக் கட்டிய கொட்டகைக்குள் ஒரு வாசல் வழியே பறந்து புகுந்து, மறு வாசல் வழியே வெளியே வர வேண்டும். வாசலைவிட இறக்கைகள் அகலம். அதனால் வாசல் தூண்களைத் தக்கை மரத்தில்தான் வைப்பார்கள். இறக்கை பட்டால் தூளாகிவிடும். பறக்கிறவன் முன்னதாகவே போய் ஒவ்வொரு தூணையும் ஓர் உதை விடுவான். உதைத்த இடத்தில் பள்ளம் விழுந்தால் தக்கை. ஹாலிவுட்டில் இதைச் செய்யாத விமானி கிடையாது, என் புருஷனைத் தவிர.

"உதைச்சியா?"

"தச்சர் கஸ் கட்டினது, வெர்னா. சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமான நாளிலிருந்து இதே பதில். ஞாயிற்றுக்கிழமை லாங் பீச்சில் விமானப் பந்தயம். ஒரு வாரமாகச் சாப்பிடும்போதுகூட இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கிறவனிடம் என்ன பேசுவது? அவன் கிளம்பியதும் நானே உதைக்கப் போனேன். முனை நசுங்காத செருப்பு என்னிடம் ஒன்றுகூட இல்லை.

முதல் தூணில் பள்ளம் விழுந்தது. இரண்டாவதிலும். மூன்றாவதை உதைத்தபோது உச்சந்தலை வரை வலித்தது.

"ராத்திரி காத்துல கொட்டகையே சாஞ்சிருச்சும்மா," என்றார் தச்சர் கஸ், பெருமையாக. "லெஸ்டர் உள்ள வர்ற நேரத்துல தலைமேல விழுந்துடக் கூடாதேன்னு அது ஒண்ணை மட்டும் கெட்டியான ஓக் மரமா வச்சேன்."

அழுவதா, அவருடைய சுத்தியலை எடுத்து அவரையே அடிப்பதா என்று தெரியவில்லை. அதற்குள் வால்நட் தோப்புக்கு மேலே விமானம் திரும்பிவிட்டது. வாசலுக்கு முன்னால் தரையில் வெள்ளைத் துணி விரித்திருந்தால் வரலாம், இல்லாவிட்டால் வரக் கூடாது. அதைத் தவிர அவனிடம் சொல்ல வேறு வழி இல்லை. ஓடிப்போய்த் துணியை வாரிச் சுருட்டினேன்.

"யாரு அந்தப் பொம்பளை? இழுங்க அவளை!" என்று டைரக்டர் கத்தினார்.

விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு கூரை ஓடுகளை உரசிப் போனது.

இறங்கியவன் டைரக்டரைவிட அதிகமாகக் கத்தினான். "நூல் பிடிச்ச மாதிரி வந்துட்டிருந்தேன்! துணியை எடுத்து என் பொழைப்பைக் கெடுக்கிறியா?"

"போய் அந்த மூணாவது தூணை உதை. கோவமா இருக்கேல்ல? நல்லா உதை."

உதைத்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். லெஸ்டர் அந்தத் தூணையும், தன் விமானத்தின் இறக்கையையும், மறுபடி தூணையும் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அழுகை வந்தது, அதைவிட எரிச்சல் வந்தது.

"உதைச்சது இடது கால், வெர்னா."

"பாத்தேன்."

"பந்தயத்துல எல்லாத் திருப்பமும் இடப்பக்கம். அந்தக் காலாலதான் பெடலை மிதிக்கணும்."

"தெரியும்."

கஸ் ஓக் மரத்தைப் பிடுங்கிவிட்டுத் தக்கையை நிறுத்தினார். டைரக்டர் வெளிச்சம் போகிறது என்று அலறிக்கொண்டிருந்தார். லெஸ்டர் காதில் வாங்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டிப் போய், வலது காலால் ஒவ்வொரு தூணாக உதைத்தான். கடைசித் தூணிலும் பள்ளம் விழுந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு திரும்பவும் முதல் தூணிலிருந்து உதைக்கப் போனான்.