உட்கார்ந்து வந்தவர்களுக்குச் சிவப்பு

உலகத்தோரே, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: யாருக்கு உயிர் போகிறது, யாருக்கு வெறும் ஏப்பம் என்று மூன்றே வினாடியில் தீர்ப்புச் சொல்லும் மகா யந்திரம், அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் அரியணை ஏறிவிட்டது. அதன் கேமரா ஆளைப் பார்க்கும்; தலைக்கு மேல் விளக்கு எரியும். சிவப்பு என்றால் டாக்டர் ஓடி வருவார். பச்சை என்றால் பெஞ்சு.

இருபத்திரண்டு வருட நர்ஸ், தன் அக்கா புருஷன் பெஞ்சில் உட்காரப் போவதைப் பார்த்தாள். தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்க, கடையிலிருந்து நேராக நடந்தே வந்திருக்கிறார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை தாடையைத் தடவிக்கொண்டே இருந்தது.

"வாயுதான் மச்சினி. மெஷினே பச்சைன்னு சொல்லிடுச்சு பாரு" என்றார், பரீட்சையில் தேறியவர் போல.

அவள் தலைமை டாக்டரிடம் ஓடினாள். "சார், வேர்த்துக் கொட்டுது, தாடையைத் தடவிக்கிட்டே இருக்காரு. எப்படி சார் பச்சை?"

"அது எனக்கும் தெரியாது சிஸ்டர், செஞ்சவனுக்கும் தெரியாது. அவ்வளவு பெரிய அறிவு!" அவர் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. "பச்சையைத் தொட்டா நான் மேலிடத்துக்கு விளக்கம் எழுதணும். சிவப்பு வரட்டும்."

அக்காவுக்கு என்ன பதில் சொல்வது? வாசலிலேயே நின்று, அந்த மாதம் சிவப்பு வாங்கியவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். மயங்கி விழுந்த கொத்தனார். வலிப்பு வந்த டிரைவர். கால் சுளுக்கிய கல்லூரிப் பெண்ணுக்குக்கூடச் சிவப்பு! எல்லோரும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர்கள்; நடந்து வந்தவர் ஒருவர்கூட இல்லை.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அத்தான், உக்காருங்க."

"நான் என்ன கிழவனா? நடந்தே வந்தவன்!"

"அதான் நீங்க செஞ்ச தப்பு. உக்காருங்கன்னா உக்காருங்க!"

வெளியே தள்ளிப்போய், திருப்பி உள்ளே கொண்டுவந்தாள். அதே ஆள், அதே வியர்வை, அதே அளவு நாடா. சிவப்பு. டாக்டர் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார். இதயக் குழாயில் அடைப்பு, நேரத்துக்குப் பிடித்துவிட்டார்கள்.

மாலையில் ஊழியர்களைக் கூட்டி டாக்டர் முழங்கினார்: "சொன்னதைத் தானே திருத்திக்கிச்சு பாருங்க நம்ம மெஷின்!" எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள், நிமிர்ந்து நின்று. யாருக்கும் பிடிபடாத அதன் மண்டைக்குள் எந்தக் கதவு திறக்கும் என்று அவளுக்கு மட்டும் தெரியும். மற்ற நர்சுகளின் காதில் ரகசியமாகச் சொன்னாள்: "இனிமே எல்லாரையும் உக்கார வெச்சே உள்ள கொண்டு வாங்கடி."

மறுநாள் காலை வாசலில் ஒன்பது பேர், நெஞ்சையும் வயிற்றையும் பிடித்தபடி நின்றார்கள். அவள் பெருமிதத்தோடு கைப்பிடியைப் பற்றினாள்.

ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி ஒன்றுதான் இருந்தது.